யவனர் தேறல்: இத்தாலிய மதுவும் பெண்ணையாற்று நாடும்

கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வரை மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து தமிழகக் கடற்கரைக்குத் திராட்சை மது வந்தது. இத்தாலியின் கம்பானியா பகுதி, ஏஜியன் கடலிலுள்ள கோஸ், ரோட்ஸ் ஆகிய தீவுகள், சிரியாவின் லவோதிக்கேயா ஆகியவை இந்த மதுவின் பிறப்பிடங்கள். சங்கப் பாடல் இதை யவனர் கொண்டுவந்த தேறல் என்கிறது. அரிக்கமேட்டு அகழாய்வில் இதைக் கொண்டுவந்த மண் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன. எகிப்தின் செங்கடல் துறைமுகத்தில் கிடைத்த சுங்கச் சீட்டுகள், இத்தகைய மது கப்பலேறியதைப் பதிவு செய்கின்றன.

இந்த மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஆனால் அவை சொல்லும் அளவைத் தாண்டி, "சங்கத் தமிழர் இத்தாலிய மது அருந்தினர்" என்று பொதுவாகச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எங்கே வந்தது, யார் குடித்தார், கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு எவ்வளவு போனது என்பவை தனித்தனிக் கேள்விகள். இக்கட்டுரை அக்கேள்விகளைப் பெண்ணையாற்றங்கரையிலுள்ள மணலூர்பேட்டை, திருக்கோவிலூர்ப் பகுதியில் நின்று கேட்கிறது. பாடல், நாணயம், கல்வெட்டு ஆகிய மூன்றும் உள்ள உள்நாட்டுப் பகுதி இது. அரிக்கமேட்டுத் துறைமுகமும் தொலைவில் இல்லை.

பெண்ணையாற்று நாடு

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து, சாத்தனூர் அணைக்குக் கீழே மணலூர்பேட்டையையும் திருக்கோவிலூரையும் தொட்டு, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மணலூர்பேட்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள பேரூராட்சி. திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியில் ஆற்றைக் கடக்கும் இடம் இது. ஆண்டுதோறும் தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் இங்கே எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது, இந்தத் துறையின் பழைய முக்கியத்துவத்தை நினைவூட்டும் வழக்கம்.

மணலூர்பேட்டையை அடுத்துள்ளது ஜம்பை. 1981ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தது. சதியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி இது என்பது அதன் செய்தி. அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்ற நீண்டநாள் விவாதத்துக்கு இந்தச் சிறு வரி விடை தந்தது. தகடூரை ஆண்ட அஞ்சி, பெண்ணையாற்றின் இந்தப் பகுதி வரை வந்ததற்கும் அதுவே சான்று. அவன் கோவலூரை வென்றதைப் புறநானூறும் சொல்கிறது.

கோவலூர், அதாவது இன்றைய திருக்கோவிலூர், மலையமான்களின் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான திருமுடிக்காரி இங்கிருந்து ஆண்டான். முள்ளூர் மலையும் பெண்ணைக்கரைத் தோட்டங்களும் அவன் நாட்டின் அடையாளங்களாகப் பாடப்பட்டன. தென்மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே கடற்கரைச் சமவெளி, மேற்கே தகடூர் மேட்டுநிலம். இந்த மூன்றையும் இணைக்கும் வழி பெண்ணையாற்றுப் பள்ளத்தாக்கு.

பாடல்கள் சொல்லும் மது

இந்த நாட்டைப் பற்றிய சங்கப் பாடல்களில் மது அடிக்கடி வருகிறது. ஆனால் அது உள்ளூர் மது.

கபிலர் காரியைப் பாடிய புறநானூற்று 123ஆம் பாடலில் ஒரு நுட்பமான அளவுகோல் உண்டு. அவையில் கள்ளுண்டு களித்திருக்கும் வேளையில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது; காரியோ மயக்கம் சிறிதும் இல்லாதபோதே தேர் கொடுப்பவன், அப்படி அவன் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளிகளைக் காட்டிலும் மிகுதி என்கிறார். மன்னர் அவையில் மது அருந்துவது எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதையும், போதையில் செய்யும் கொடைக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அன்றே இருந்ததையும் இப்பாடல் ஒருசேரக் காட்டுகிறது.

அஞ்சி இறந்தபின் அவ்வையார் பாடிய 235ஆம் பாடல் வேறு வகை. கள் சிறிதளவே கிடைத்தால் அதைப் புலவர்க்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் புலவர் பாட, தானும் உடனிருந்து உண்பான் என்று அவனை நினைத்து அழுகிறார். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, பலநாள் வைத்துக் கடுப்பேறிய தேறலைத் தேளின் கொட்டுக்கு ஒப்பிடுகிறார்.

மலைநாட்டில் தேனைப் புளிக்கவைத்து மூங்கில் குழாயில் முதிரச் செய்வார்கள். செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், வழிப்போக்கர்க்குக் குறவர் தரும் விருந்தில் இந்தத் தேன் தேறலைச் சொல்கிறது. அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, முளைகட்டிய நெல்லின் மாவைக் கலந்து, ஜாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து வடிக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாக விவரிக்கிறது. மரக்காணம் எனக் கருதப்படும் எயிற்பட்டினத்தில், கடல் அலை ஒதுக்கிய அகில் கட்டையை எரித்து நுளைமகள் காய்ச்சிய தேறலைச் சிறுபாணாற்றுப்படை குறிக்கிறது. தேன், நெல், பனை, தென்னை எனக் கிடைத்ததிலிருந்தெல்லாம் மது செய்யத் தெரிந்த நாடு இது. கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் என்று மதுவின் பெயர்களும் பல. தெளிந்தது என்ற பொருளில் பிறந்த சொல் தேறல்.

இவற்றுக்கு நடுவே யவனர் மதுவைத் தெளிவாகச் சொல்லும் பாடல் புறநானூறு 56. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழ்ந்திருப்பாயாக என்பது கருத்து. இங்கே கலம் என்ற சொல் கவனிக்கத்தக்கது. கலம் என்றால் கப்பலும் ஆகும், பாத்திரமும் ஆகும். பழைய உரைகாரர் அதைக் குப்பி என்று கொண்டார். அவருக்கு ரோமானிய மண் ஜாடியைப் பார்க்கும் வாய்ப்பில்லை. மண்ணிலிருந்து அந்த ஜாடிகள் வெளிவந்த பிறகு, பாத்திரம் என்ற பொருளுக்கு வலுக் கூடியது. கப்பல் என்ற பொருளையும் தள்ள வேண்டியதில்லை. ஜாடி கப்பலில்தான் வந்தது.

பாடல் மதுரைப் பாண்டியனுக்கு உரியது என்பதை மறக்கக்கூடாது. காரியையும் அஞ்சியையும் பாடிய மேற்கண்ட பாடல்களில் யவனர் மது இல்லை. ஆனால் யவனர் வாணிகத்தின் எதிரொலி பெண்ணைக் கரையிலும் கேட்டது. மாறோக்கத்து நப்பசலையார் காரியைப் பாடிய 126ஆம் பாடலில், கபிலர் பாடியபின் தான் பாட முயல்வதை ஓர் உவமையால் சொல்கிறார்: மேற்குக் கடலில் சேரனுடைய பொன் கொணரும் மரக்கலம் ஓடிய வழியில் வேறு கலங்கள் செல்ல முடியாதது போல என்று. அதே பாடலில் காரியைப் பெண்ணைக்கரை நாட்டின் தலைவன் என விளிக்கிறார். மேற்குக் கடலின் பொன் கப்பல், கோவலூர் அவையில் சொன்னால் உடனே விளங்கும் செய்தியாக இருந்திருக்கிறது. அந்த அவையில் கப்பலோடு சேர்த்து நினைக்கப்பட்ட பொருள் பொன் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இத்தாலியில் மது

அதே காலத்தில் இத்தாலியின் சிறந்த மது, நேப்பிள்ஸ் நகரைச் சுற்றிய கம்பானியா பகுதியிலிருந்து வந்தது. எரிமலைச் சாம்பல் மண்ணில் திராட்சை செழித்தது. வடக்கே பலேர்னம் மலைச்சரிவு, தெற்கே சொரெண்டோ முனை, நடுவே வெசுவியஸ் மலை அடிவாரம் என ஒவ்வொன்றின் மதுவுக்கும் தனிப்பெயர், தனி விலை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தன் இயற்கை வரலாறு நூலின் 14ஆம் பகுதி முழுவதையும் திராட்சைக்கும் மதுவுக்கும் ஒதுக்கினார். பலேர்னம் மது தீப்பற்றக்கூடிய அளவுக்குக் கடுமையானது என்கிறார். சொரெண்டோ மதுவைத் திபேரியஸ் மன்னர் உயர்ந்த வகைக் காடி என்று கேலி செய்ததையும், பொம்பெய் மதுவைக் குடித்தால் மறுநாள் நண்பகல் வரை தலைவலி நீங்காது என்பதையும் பதிவு செய்திருக்கிறார்.

பண்ணைகளில் திராட்சையைக் காலால் மிதித்து, பின் நெம்புகோல் அழுத்தியால் பிழிந்து, கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய மண் தாழிகளில் சாற்றைப் புளிக்கவிட்டனர். பொஸ்கோரியாலே என்ற ஊரில் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஒரு சிறு பண்ணைவீட்டு முற்றத்தில் இப்படிப்பட்ட 18 தாழிகள் புதைத்தபடியே கிடைத்தன. பெரும் செல்வர் மாளிகையன்று, உழைக்கும் குடும்பத்தின் பண்ணை அது.

புளித்து அடங்கிய மதுவை ஏற்றுமதிக்கு ஆம்போரா எனப்படும் ஜாடிகளில் நிரப்பினார்கள். நீண்ட கழுத்து, இரண்டு கைப்பிடி, கூரான அடிப்பாகம். கூர் அடி கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்றைச் செருகி அடுக்கவும், கொட்டும்போது மூன்றாவது பிடியாகவும் உதவியது. ரோமானிய அளவையில் ஓர் ஆம்போரா ஏறத்தாழ 26 லிட்டர். மண் கசியாமலிருக்க உட்புறம் பைன் மரப்பிசினைப் பூசினர். பிசினின் மணமும் கசப்பும் மதுவில் இறங்கின. உண்ணும் மேசையில் நீர் கலந்தே பருகினர். தேன் சேர்ப்பதும் உண்டு. ஆகவே நக்கீரனார் சொன்ன மணமுள்ள தேறல், இன்று கண்ணாடிப் புட்டியில் வரும் ஒயினைப் போன்ற சுவை உடையதாக இருந்திருக்காது. பிசின் மணம், இனிப்பு, நெடும்பயணத்தில் ஏறிய புளிப்பு ஆகியவை கலந்த பானமாக அதை நினைப்பதே பொருத்தம்.

தீவு மது

இத்தாலிய மது என்று பொதுவாகச் சொல்லப்படும் சரக்கில் ஒரு பெரும்பகுதி தீவுகளோடு தொடர்புடையது. ஏஜியன் கடலிலுள்ள கோஸ், மருத்துவர் இப்போகிரட்டீஸ் பிறந்த சிறு தீவு. அங்கே மதுவில் கடல்நீரைச் சேர்ப்பார்கள். உப்பு மதுவைக் கெடாமல் வைத்திருக்கும். நீண்ட பயணத்துக்கு ஏற்றது, விலையும் மலிவு. இந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்றால், இத்தாலியரே அதைப் போலச் செய்யத் தொடங்கினர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், இத்தாலியத் திராட்சையிலிருந்து கோஸ் மது செய்யும் முறை தரப்பட்டிருக்கிறது.

மதுவைப் பின்பற்றியவர்கள் ஜாடியையும் பின்பற்றினர். இரண்டு உருளைகளை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைக் கைப்பிடி கோஸ் ஜாடியின் அடையாளம். இத்தாலியக் குயவர் அதே வடிவத்தில் செய்த ஜாடிகளை ஆய்வாளர்கள் டிரெசல் 2-4 என்ற வகைப்பெயரால் குறிக்கின்றனர். உடைந்த இரட்டைக் கைப்பிடி ஒன்று கையில் கிடைத்தால், அது தீவிலிருந்து வந்ததா இத்தாலியிலிருந்து வந்ததா என்பதை வடிவம் மட்டும் சொல்லாது. மண்ணைப் பார்க்க வேண்டும். வெசுவியஸ் பகுதி ஜாடியின் மண்ணில் எரிமலையின் கரிய மணல் துகள்கள் மின்னும். ரோட்ஸ் தீவின் ஜாடிக்கோ கைப்பிடி கொம்புபோல் மேலே கூராகும்.

இத்தாலிக்கும் மதுத் தீவு உண்டு. நேப்பிள்ஸ் விரிகுடாவின் வாயிலிலுள்ள இஸ்கியாவில் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர் குடியேறினர். அங்கே ஒரு கல்லறையிலிருந்து 1950களில் கிடைத்த மண்கிண்ணத்தில், குடிப்பவரை நோக்கி எழுதிய கிரேக்க வரிகள் உள்ளன. கிரேக்க எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. நெஸ்டரின் கிண்ணம் என அழைக்கப்படும் அது அத்தீவின் லாக்கோ அமேனோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தீவில் இன்றும் எரிமலைச் சரிவுகளில் திராட்சை பயிராகிறது.

கடல்வழி

கம்பானியாவின் புதியோலி துறைமுகத்தில் ஏற்றிய ஜாடி அலெக்சாந்திரியாவில் இறங்கும். நைல் ஆற்றில் படகில் கோப்டோஸ் வரை போகும். அங்கிருந்து ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான பெரெனிக்கே சேரும். இந்தப் பாலைவழிக்கு 12 நாள் என்கிறார் பிளினி. பெரெனிக்கே குப்பைமேட்டில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டின் ஓட்டுச்சில் சீட்டுகள், சுங்கவாயிலைக் கடந்து கப்பலுக்குப் போன சரக்குகளைக் குறிப்பவை. இத்தாலிய மதுவும் லவோதிக்கேயா மதுவும் அவற்றில் பெயர் சொல்லிப் பதிவாகியுள்ளன. அதே பெரெனிக்கேயில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. சரக்கு ஒருபுறம் மட்டும் ஓடவில்லை. தமிழ் பேசியவர்களும் அந்தத் துறைமுகத்தில் இருந்தனர்.

ஜூலை மாதத்தில் கிளம்பும் கப்பலைத் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் குறுக்கே தள்ளிவரும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ் என்ற வணிகக் கையேடு, ஒவ்வொரு துறைமுகத்திலும் என்ன விலைபோகும் என்பதைச் சொல்கிறது. குஜராத்தின் பாருகச்சத்தில் மது விற்கும், அதிலும் இத்தாலிய மதுவுக்கே முதலிடம். அந்நாட்டு அரசனுக்குத் தரவேண்டிய பொருள்களில் உயர்ந்த மதுவும் ஒன்று என்கிறது. சேர நாட்டு முசிறிக்கு வரும்போது நிறைய நாணயம் கொண்டுபோகச் சொல்லும் அதே நூல், மது விற்கும் ஆனால் அதிகம் இல்லை என்கிறது. கோதுமையைப் பற்றி அது சொல்வது இன்னும் தெளிவானது: உள்ளூர் வணிகர் உண்பதில்லை, கப்பலோடு வந்தவர்களுக்குப் போதுமான அளவு கொண்டுபோனால் போதும்.

இந்தக் குறிப்புகளைப் புறநானூறு 56உடன் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிகிறது. யவனர் மதுவைக் குடித்தவர்கள் இரு வகையினர். துறைமுகத்தில் தங்கிய வெளிநாட்டு வணிகரும் மாலுமிகளும் ஒரு வகை. பரிசாகவோ அரிய சரக்காகவோ அதைப் பெற்ற அரசரும் அவரைச் சூழ்ந்தவரும் மற்றொரு வகை. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஈடாகத் தமிழகம் பெரிதும் பெற்றது பொன்னும் வெள்ளியுமே. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி குறைபட்டதும் நாணயத்தைப் பற்றித்தான்.

அரிக்கமேடு

பெரிப்ளஸ் கிழக்குக் கடற்கரையில் மூன்று துறைமுகங்களைப் பெயர் சொல்கிறது. அவற்றுள் பொதுகே என்பதை அரிக்கமேடு எனப் பலரும் ஏற்கின்றனர். அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ள மேடு. பெண்ணையாறு கடலில் கலக்கும் இடம் அதற்குத் தெற்கே, கடலூர் அருகே.

1930களில் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், இங்கே கிடைத்த ரோமானிய முகம் செதுக்கிய கல்லைக் கண்டு இடத்தின் தொன்மையை உணர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தோண்டினர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் கைவிட்டபோது ரோமானிய ஆம்போராவின் துண்டு அகப்பட்டது. அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று அறிந்து, 1945இல் அங்கே அகழாய்வு செய்தார். பின்னர் 1947 முதல் காசால் தொடர்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனும் மீண்டும் தோண்டினர்.

வீலருக்கு ஆம்போராவும் இத்தாலியின் அரெட்டைன் என்ற சிவப்பு மெருகு மட்கலமும் ஒரு கடிகாரம் போல உதவின. அவற்றின் காலம் இத்தாலியில் உறுதியாகத் தெரியும். அதே மண்ணடுக்கில் கிடைத்த தென்னிந்தியப் பானைகளுக்கும் அதைக்கொண்டு காலம் சொல்லலாம். தென்னிந்தியத் தொல்லியலின் காலவரிசை உருவான வழி இது. மதுஜாடி, மதுவைவிட முக்கியமான வேலையைச் செய்தது.

பின்னாளில் எலிசபெத் லைடிங் வில் அரிக்கமேட்டு ஆம்போராத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கோஸ் தீவு ஜாடிகளும் அவற்றைப் பின்பற்றியவையும் முக்கிய இடம் பெற்றிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ரோட்ஸ் ஜாடி, வெசுவியஸ் மண்ணாலான கம்பானிய ஜாடி, எண்ணெய் வந்த ஜாடி, மீன் ஊறல் வந்த ஜாடி ஆகியவையும் இருந்தன. மீன் ஊறலும் ஆலிவ் எண்ணெயும் தமிழர் சமையலுக்கு வேண்டியவை அல்ல. அவற்றை வேண்டியவர்கள் அங்கே தங்கியிருந்தனர் என்பதற்கே அவை சான்று.

திருத்தப்பட்ட முடிவுகள்

அரிக்கமேட்டைப் பற்றி வீலர் சொன்னவற்றுள் சில பின்னர் மாறின. வட்டக் கோடுகளால் புள்ளிவரிசை இட்ட ரூலெட்டட் மட்கலத்தை அவர் மத்தியதரைக்கடல் பண்டமாகக் கருதினார். அது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது இன்றைய முடிவு. ஆகவே ஓர் ஊரில் அந்த ஓடு கிடைத்தால் அங்கே ரோமானியர் இருந்தனர் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது திருத்தம் ஆம்போராவிலேயே நடந்தது. ராபர்ட்டா டோம்பர் இந்தியாவில் ஆம்போரா என வகைப்படுத்தப்பட்ட துண்டுகளை மீண்டும் பார்த்தபோது, அவற்றுள் பல மத்தியதரைக்கடலைச் சேர்ந்தவை அல்ல என்று கண்டார். அவை மெசபடோமியாவில் செய்த, உட்புறம் நிலத்தார் பூசிய, கைப்பிடியில்லாத டார்பிடோ வடிவ ஜாடிகள். பாரசீக வளைகுடா வழியே வந்தவை, பெரும்பாலும் பிற்காலத்தவை. அழகன்குளம், கேரளத்தின் பட்டணம் போன்ற இடங்களிலும் இவ்வகை அடையாளம் காணப்பட்டது. உட்பூச்சு பைன் பிசினா நிலத்தாரா என்ற ஒரே வேறுபாடு, ரோமா பாரசீகமா என்ற கேள்விக்கு விடையாகிறது.

மூன்றாவது எச்சரிக்கை எளிமையானது. காலியான ஜாடிக்கு மறுவாழ்வு உண்டு. தண்ணீருக்கோ தானியத்துக்கோ அது பல ஆண்டு பயன்பட்டிருக்கலாம். ஒரு துண்டு கிடைத்த இடத்திலெல்லாம் மது குடிக்கப்பட்டது என்று முடிவுகட்ட இயலாது. ஊர் வரலாறு எழுதும்போது இந்த மூன்றையும் நினைவில் கொள்வது நல்லது.

பெண்ணையின் காசுகள்

மீண்டும் கோவலூருக்கு வருவோம். மது நிறைந்த ஒரு ஜாடி ஏறத்தாழ 40 கிலோ எடை, உடையக்கூடியது. கடற்கரையிலிருந்து உமணர் உப்பு வண்டிகள் உள்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வழி இல்லாமல் இல்லை. ஆனால் எடைக்குத் தகுந்த விலை வேண்டும். ஒரு பொற்காசோ மடியில் அடங்கும். இந்தியாவில் ஆம்போராத் துண்டுகள் துறைமுகங்களில் குவிந்திருக்க, ரோமானியக் காசுப் புதையல்கள் கொங்குநாடு போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் மிகுந்திருப்பது இதனோடு பொருந்துகிறது.

திருக்கோவிலூரிலும் பேசப்படும் ரோமானியத் தடயம் காசுதான். 1990களின் தொடக்கத்தில் அங்கே ரோமானியப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. பெண்ணையாற்றுப் படுகையில் குதிரை உருவம் பொறித்த மலையமான் காசுகளும், பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளும் கிடைத்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். செப்புக்காசுகள் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இத்தாலிய மது வந்த காலத்துக்கு முந்நூறு ஆண்டு பிந்தியவை. அவற்றைக் காட்டி யவனர் தேறலைப் பேசுவது பிழை. பெண்ணைக்கரைக்கும் மேலைக்கடல் வாணிகத்துக்கும் இடையே ஏதோ ஒருவகைத் தொடர்பு பல நூற்றாண்டு நீடித்தது என்பதற்கு அவை சான்று.

இங்கே ஒரு குறை இருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுக்கு மண்ணடுக்கு உண்டு. அதன் மேலே என்ன, கீழே என்ன, கூட என்ன என்று தெரியும். ஆற்றுமணலில் கிடைத்த காசுக்கு அது இல்லை. வெள்ளம் அதை எந்தக் கரையிலிருந்து அரித்து வந்தது என்று சொல்ல முடியாது. மணல் அள்ளப்படும்தோறும், கரை அரிக்கப்படும்தோறும், இன்னும் தோண்டப்படாத வாழிடங்களின் மண்ணடுக்கும் சேர்ந்தே போகிறது. தன் பெயரிலேயே மணலைக் கொண்ட மணலூர்பேட்டைக்கு இது தொலைவான செய்தியன்று. இந்த ஆற்றோரத்தில் ஒரு கைப்பிடித் துண்டு ஒழுங்கான மண்ணடுக்கில் கிடைத்தால், யவனர் தேறல் எவ்வளவு தூரம் ஆற்றின் எதிர்த்திசையில் ஏறிவந்தது என்ற கேள்விக்கு அது தரும் விடை, நூறு காசுகள் தருவதைவிடப் பெரியதாக இருக்கும்.

இன்று காணத்தக்க இடங்கள்

தமிழகத்தில் இந்த வரலாற்றைப் பார்க்க விரும்புவோர் ஆற்றின் போக்கிலேயே செல்லலாம். ஜம்பைக் கல்வெட்டு, மணலூர்பேட்டைத் துறை, திருக்கோவிலூரில் ஆற்றின் நடுவே உள்ள கபிலர் குன்று, கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் ஆகியவை ஒரே நாளில் காணக்கூடியவை. காரியைப் பாடிய கபிலர் இந்த ஆற்றங்கரையில் உயிர்நீத்த செய்தியை அக்கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. மறுநாள் கடலூர் வழியாக அரிக்கமேடு செல்லலாம். அங்கே மேடும் தோப்பும் பழைய கட்டடச் சிதைவும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பார்க்க வேண்டும்.

இத்தாலி செல்வோர்க்கு, புதைந்த தாழிகளோடு கூடிய பொஸ்கோரியாலே பண்ணை முதலில் பார்க்க வேண்டிய இடம். பொம்பெய் நகருக்குள்ளேயே பழைய திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடங்களில் மீண்டும் கொடிகள் நடப்பட்டுள்ளன. நேப்பிள்ஸிலிருந்து படகில் இஸ்கியா தீவை அடையலாம். அங்குள்ள மதுப்பண்ணைகள் பல குடும்பத்தினரே நடத்துபவை; முன்கூட்டியே சொல்லிவைத்துப் போவது நல்லது. செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலத்தில் தோட்டமும் பிழிகூடமும் இயங்குவதைப் பார்க்கலாம், ஆனால் பண்ணையாருக்கு விருந்தினரைக் கவனிக்க நேரம் குறைவு.

அங்கே கொடியையும் தாழியையும் பார்த்தவர்க்கு அரிக்கமேட்டின் உடைந்த கைப்பிடி வேறுவிதமாகத் தெரியும். ஒரு பண்ணைக் குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு எரிமலைச் சரிவிலிருந்து கிளம்பி, ஆற்றையும் பாலையையும் இரு கடல்களையும் கடந்து தமிழ்க் கடற்கரையில் இறங்கியது. அதில் ஒரு சிறு பங்கு பாண்டியனின் பொற்கிண்ணத்தை அடைந்தது. பெண்ணைக்கரையில் காரியின் அவையினரும் அஞ்சியின் அவையினரும், பாடல்கள் சொல்லும்வரை, தம் நாட்டுக் கள்ளையே பகிர்ந்து உண்டார்கள்.